ஆம்புலன்ஸ் போயிட்டா என்ன சார் பண்ணுவீங்க?

பி.காம். படித்தவனுக்குக் குடும்பத்தில் ஒரு நிரந்தர உத்தியோகம் உண்டு. சீட்டு கட்டலாமா, நகையை எந்த பேங்க்கில் வைத்தால் வட்டி குறைச்சல், கல்யாண கான்ட்ராக்டர் கொடுத்த எஸ்டிமேட்டில் வெற்றிலைக்கு எழுதியிருக்கிற தொகை நியாயம்தானா... எல்லா ஃபைலும் நம்ம மேஜைக்குத்தான் வரும். சம்பளம் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி. அதுவும் டிகாஷன் மிச்சமிருந்தால்!

அப்படி வந்து சேர்ந்த ஃபைல்களிலேயே விநோதமானது என் மச்சினன் கொண்டுவந்தது. "மாமா, ரேஸ் டிராக்ல என் சொந்தக் காரை ஓட்டப் போறேன். மூணு கம்பெனி நடத்துறாங்க. எதுக்குப் பணம் கட்டலாம்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. 'டிராக் டே' என்றால் பந்தயம் இல்லை. ஒரு கம்பெனி ரேஸ் டிராக்கை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கும். நீங்கள் காய்கறி வாங்கப் போகிற அதே காரை அங்கே கொண்டுபோய், பணம் கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, உங்கள் ஆசை தீர ஓட்டலாம். எதிரே வண்டி வராது. ஆட்டோ குறுக்கே திரும்பாது. மாடு கிடையாது. ஸ்பீடு பிரேக்கர் கிடையாது. கேட்பதற்கு சொர்க்கம் மாதிரிதான் இருக்கிறது. சொர்க்கத்துக்கு நேரடியாகவே அனுப்பி வைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

"இதெல்லாம் எதுக்குடா?" என்று நான் கேட்டிருப்பேன். கேட்காததற்குக் காரணம் உண்டு. பையனுக்கு 27 வயசு. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. கடனில் வாங்கிய ஹேட்ச்பேக். சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு மேல் சிநேகிதர்களோடு இ.சி.ஆர். பக்கம் போகிறான். 'சும்மா டீ சாப்பிட' என்பான். டீ சாப்பிட மாமல்லபுரம் வரைக்கும் போகிறவன் எவ்வளவு வேகத்தில் போவான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. என் மனைவி மட்டும் அந்த ராத்திரிகளில் தூங்குவதில்லை. ஒரு மணிக்கு, 'வந்துட்டேன்க்கா' என்று வாட்ஸ்அப் வந்தபிறகுதான் விளக்கை அணைப்பாள்.

ஆகவே நான் ஒரு நிபந்தனை போட்டேன். "நான் பார்த்துத் தர்றேன். ஆனா இ.சி.ஆர். டீக்கடை இன்னியோட மூடியாச்சு. சம்மதமா?" தலையைச் சொறிந்துகொண்டு சம்மதித்தான். "என்னங்க, நல்லாப் பாருங்க. ஒரே தம்பி" என்றாள் அவள், காபியை வைத்தபடி. அன்றைக்கு டிகாஷன் கொஞ்சம் திக்காகவே இருந்தது.

சென்னைக்காரர்களுக்கு டிராக் என்றால் இருங்காட்டுக்கோட்டைதான். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னால், நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக். 1990-ல் வந்தது. ஒரு முழுச்சுற்று 3.7 கிலோமீட்டருக்கு ஒரு பிடி கூட. கோவைக்காரர்களுக்குச் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2.1 கிலோமீட்டர். ரேஸ் கார்களைத் தானே வடிவமைத்து ஓட்டி, 1995-ல் விமான விபத்தில் இறந்துபோன கரிவரதனின் பெயரில் அமைந்தது. அதற்கெல்லாம் முந்தைய தலைமுறைக்கு சோழவரம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில்தான் ரேஸ் நடந்தது. என் மாமனார் சோழவரம் பார்த்தவர். அந்தப் பெயரை எடுத்தாலே போதும், சாப்பிட்ட கை காய்ந்துபோகும் வரை பேசுவார். எனவே இந்த ஃபைலை அவர் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டோம். (எட்டிவிட்டது. அது பின்னால்.)

மூன்று கம்பெனிகளின் பெயரை எழுதப் போவதில்லை. க, ங, ச என்று வைத்துக்கொள்வோம். ங என்ற எழுத்துக்கு வேறு எங்கேயும் வேலை கிடைப்பதில்லை, இங்கேயாவது கிடைக்கட்டும்.

க கம்பெனி 7,500 ரூபாய். 'முழு நாள் அனுபவம், மதிய உணவு உண்டு' என்றது அவர்கள் நோட்டீஸ். ங கம்பெனி 12,000. ச கம்பெனி 10,500, அதோடு 'வேகமான சுற்றுக்குக் கோப்பை!' என்று ஆச்சரியக்குறி வேறு.

மச்சினன் கண் ச-வின் மேல். கோப்பைக்காக. என் மனைவியின் கண் க-வின் மேல். விலை குறைவு, சாப்பாடும் போடுகிறார்களே! நான் வழக்கம்போல் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

காஸ்ட் அக்கவுன்டிங்கில் முதல் பாடம், எதை வாங்குகிறோமோ அதற்கு ஒரு யூனிட் கண்டுபிடி என்பது. இங்கே யூனிட் நாள் இல்லை சார், நிமிஷம்! சக்கரம் டிராக்கின் மேல் உருளுகிற நிமிஷம். க கம்பெனிக்கு போன் போட்டு, "முழு நாள்ல என் பையன் எத்தனை நிமிஷம் ஓட்டுவான்?" என்று கேட்டேன். மறுமுனையில் இருமல். நாற்பது கார்களாம். நான்கு குரூப்பாம். விசாரித்ததில் ஆளுக்குப் பதினைந்து நிமிஷமாக இரண்டு தடவை. ஆக 30 நிமிஷம். நிமிஷத்துக்கு 250 ரூபாய். மிச்ச நேரம் முழுக்க சாமியானா கீழே உட்கார்ந்து அடுத்தவன் ஓட்டுவதைப் பார்க்கலாம். புளியோதரை நன்றாக இருக்கும் என்றார்.

ங கம்பெனி இருபது நிமிஷமாக நாலு தடவை. 80 நிமிஷம். 12,000-த்தை வகுத்தால் நிமிஷத்துக்கு 150. விலை அதிகம் என்று தெரிந்தது மலிவாகிவிட்டது. ச கம்பெனியில் குரூப்பே கிடையாது. காலையில் கதவைத் திறந்துவிடுவார்கள். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வரலாம். ஆறு மணி நேரம் என்று வைத்தால் நிமிஷத்துக்கு முப்பது ரூபாய் கூட ஆகாது. "பார்த்தீங்களா மாமா!" என்று குதித்தான்.

இங்கேதான் கணக்கு மட்டும் போதாது என்று ஆகிறது. ஊருக்கு ஓடுகிற கார் ஆறு மணி நேரம் டிராக்கில் ஓடாது. காரணம் பிரேக். 60-ல் போகிற காரை நிறுத்துவதற்கும் 120-ல் போகிற காரை நிறுத்துவதற்கும் வித்தியாசம் இரண்டு மடங்கு என்றுதான் தோன்றும். இல்லை, நாலு மடங்கு. அத்தனை சக்தியும் சூடாகத்தான் வெளியே போயாக வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும், சுற்றுக்குச் சுற்று. அந்தச் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் குழாய்க்குள் ஆவி. மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. பிரேக் ஆயிலுக்கு இன்னொரு குணம், காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கியாக வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு விதி கேட்பது 140 டிகிரிதான். நம்மில் எத்தனை பேர் அதை மாற்றுகிறோம்? எண்ணெய் மாற்றும்போது மெக்கானிக் ஞாபகப்படுத்தினால், 'அடுத்த சர்வீஸ்ல பார்க்கலாம்' என்போம். அது ரோட்டில் வருஷக்கணக்காக நம்மைக் காப்பாற்றிவிடும். டிராக்கில் நாலாவது சுற்றிலேயே கேள்வி கேட்கும்.

சரி, மோதிவிட்டால்? இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்றான் மச்சினன். பாலிசியை எடுத்து வரச் சொன்னேன். யாரும் படிக்காத அந்தப் பொடி எழுத்துக்களைப் படிப்பதில் எனக்கு ஒரு தனி ருசி. தனியார் கார் பாலிசியில், 'இன்ன இன்ன உபயோகத்துக்கு இது பொருந்தாது' என்று ஒரு பத்தி இருக்கும். அதில் ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகப் பரிசோதனை என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். "இது பந்தயம் இல்லையே மாமா?" என்றான். "கோப்பை கொடுத்து, ஸ்டாப்வாட்ச் வெச்சா அது என்னடா, பஜனையா?" என்றேன். ச கம்பெனியின் கோப்பை அங்கேயே கவிழ்ந்தது. கோப்பை இல்லாத கம்பெனிக்குப் போனாலும் இன்ஷூரன்ஸ்காரரிடம் எழுத்தில் கேட்காமல் நம்பக் கூடாது. கேட்டேன். கைவிரித்தார். டிராக்கில் நசுங்கினால் நம் காசு. தடுப்புச் சுவரை உடைத்தால் அதற்கும் நம்மிடம்தான் பில் வரும் என்று படிவத்தில் இருந்தது. காருக்குக் கடன் பாக்கி இன்னும் மூன்று வருஷம். கார் போய்விட்டாலும் இ.எம்.ஐ. போகாது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் சின்னதாகிவிட்டது.

பாவமாக இருந்தது. ஆனாலும் இப்போது போகாதே என்றால் சனிக்கிழமை ராத்திரி டீக்கடை திறந்துவிடும். ஆகவே பணத்தை விட்டுவிட்டு, ஆளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன்.

மூன்று கம்பெனிக்கும் ஒரே கேள்விகள். ஒரே நேரத்தில் டிராக்கில் எத்தனை கார்? முதல் தடவை ஓட்டுகிறவர்களையும் பழம் தின்று கொட்டை போட்டவர்களையும் ஒன்றாக விடுவீர்களா? எங்கே ஓவர்டேக் பண்ணலாம்? கடைசியாக என் பிரம்மாஸ்திரம்: "ஆம்புலன்ஸ் நிக்கும்னு போட்டிருக்கீங்க. ஒருத்தருக்கு அடிபட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுச்சுன்னா, அது திரும்பி வர்ற வரைக்கும் மத்தவங்க ஓட்டுவாங்களா?"

க சொன்னார்: "அப்படியெல்லாம் எதுவும் ஆகாது சார், நீங்க கவலைப்படாதீங்க."

ச சிரித்தார். "என்ன சார், இப்பவே அபசகுனமா..?"

ங கம்பெனிக்காரர் சிரிக்கவில்லை. "டிராக்கை நிறுத்திடுவோம் சார். இன்னொரு ஆம்புலன்ஸ் உள்ளே வந்து நின்னாத்தான் பச்சைக் கொடி. அதனால உங்க நேரம் குறைஞ்சா பணம் திருப்பித் தர மாட்டோம். இப்பவே சொல்லிடுறேன்." அப்புறம் அவர் கேட்க ஆரம்பித்தார். என்ன கார்? டயர் எந்த வருஷத்துது? பிரேக் ஆயில் எப்ப மாத்தினீங்க? தம்பி இதுக்கு முன்னாடி ஓட்டியிருக்காரா? ஓவர்டேக் நேர்கோட்டில் மட்டும்தான், முன்னால் போகிறவர் இண்டிகேட்டர் போட்டு வழி விட்டால்தான். காலை வகுப்புக்கு வராதவருக்கு டிராக் கிடையாது, பத்து நிமிஷம் லேட்டானாலும் கிடையாது. டைமிங் கிடையாது. புதியவர்களின் காரில் பக்கத்து சீட்டில் ஆள் கிடையாது. ஒரு போனில் நான் எண்ணியது ஏழு 'கிடையாது'.

போனை வைத்துவிட்டு, "12,000 கட்டிடு" என்றேன்.

"என்ன மாமா, எதைக் கேட்டாலும் முடியாதுங்கறாரு அந்த ஆளு!"

"அதுக்குத்தான்டா கட்டறோம்."

பணம் கட்டியதோடு செலவு முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டாட் 4 பிரேக் ஆயில், புது பிரேக் பேட், அலைன்மென்ட், முழு முகத்தையும் மூடுகிற ஹெல்மெட், போய்வர பெட்ரோல், அங்கே ஓட்டப் பெட்ரோல். (ரோட்டில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பெருமையடிக்கிறவர்கள் டிராக்கில் முள் இறங்குவதைப் பார்க்காமலிருப்பது இதயத்துக்கு நல்லது.) டயர் தேய்மானத்தையும் சேர்த்தேன். கட்டணத்துக்குச் சமமாக இன்னொரு தொகை வந்து நின்றது. போகிறவர்கள் பட்ஜெட்டை இரண்டால் பெருக்கிக்கொள்ளவும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காரில் மூன்று பேர். மச்சினன், நான், மாமனார். ஆமாம், எட்டிவிட்டது. வாசலில் வேட்டிக்குப் பதிலாகப் பேன்ட் போட்டுக்கொண்டு நின்றார். "மாப்பிள்ளை, வழி எனக்குத் தெரியும்" என்றார், நேரே போகிற நெடுஞ்சாலைக்கு!

டிராக்கில் முதல் காரியம் வண்டிச் சோதனை. ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது, கையில் அட்டையோடு வந்து காரைச் சுற்றினார். வீல் நட்டைத் தானே முறுக்கிப் பார்த்தார். பேட்டரி ஆடுகிறதா என்று அசைத்தார். பிறகு உள்ளே தலையை விட்டு, "இதெல்லாம் வெளியே எடுங்க" என்றார். தண்ணீர் பாட்டில், குடை, டிஷ்யூ டப்பா, கால்மிதி. பாட்டில் ஒன்று உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் என்ன ஆகும் என்று யோசித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நம் எல்லோர் காரிலும் அந்தப் பாட்டில் உருண்டுகொண்டுதானே இருக்கிறது? டேஷ்போர்டு பிள்ளையாரையும் எடுக்கச் சொன்னதும் மாமனார் முறைத்தார். "ஒட்டியிருக்கும்மா."

"பிரேக் அடிச்சா ஒட்டியிருக்க மாட்டார் சார். நேரா டிரைவர் மடிக்கு வருவார்."

பிள்ளையார் அன்று முழுக்க மாமனாரின் சட்டைப் பாக்கெட்டிலிருந்து டிராக் டே பார்த்தார்.

வகுப்பில் கொடிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே. நீலம் என்றால் பின்னால் வேகமாக ஒருவர் வருகிறார், வழி விடு. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாக உள்ளே வா. கறுப்பு என்றால் நீ மட்டும் உள்ளே வா, உன்னோடு பேச வேண்டும். கடைசிச் சுற்றை பிரேக் மிதிக்காமல் மெதுவாக ஓட்டிக் காரை ஆறவிட வேண்டும். நிறுத்தியபின் ஹேண்ட்பிரேக் போடக் கூடாது, கியரில் விட வேண்டும்.

முதல் இருபது நிமிஷம் அவன் ஓட்டியதைச் சுவர் ஓரமாக நின்று பார்த்தேன். வேகமாகவெல்லாம் இல்லை. இறங்கி வந்தபோது சட்டை பிழிந்தால் சொட்டும். "மாமா, அந்த வளைவுல நான் எண்பதுன்னு நினைச்சது அறுபத்தஞ்சுதான். இ.சி.ஆர்.ல எவ்வளவு தெரியுமா போவேன்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். தண்ணீர் குடித்தான்.

இரண்டாவது ஓட்டத்தில் கறுப்புக் கொடி அவனுக்கு. நீலக் கொடியை இரண்டு தடவை கவனிக்கவில்லையாம். அந்த சோதனைப் பெண்தான் வந்து ஜன்னலில் குனிந்து பேசினார். அதட்டவில்லை. "கண்ணாடி பார்க்கறீங்களா?" என்றார். பத்து நிமிஷம் உட்கார வைத்தார்கள். மீட்டர் போட்ட மாதிரி என் மனசுக்குள் 1,500 ரூபாய் ஓடியது. வாயைத் திறக்கவில்லை. அந்தப் பத்து நிமிஷம்தான் 12,000-த்திலேயே மதிப்பான பகுதி என்று என் மனைவியிடம் பிறகு சொன்னேன். அவள் அதை நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாவது ஓட்டத்தில் நீலக் கொடி தெரிந்த மாத்திரத்தில் இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கினான். நாலாவது ஓட்டத்தைப் பாதியிலேயே அவனாக முடித்துக்கொண்டு வந்துவிட்டான். பெடல் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்ததாம். பத்து நிமிஷம் மிச்சம் இருக்கிறதே என்று யாரோ கேட்டதற்கு, "போதும் சார்" என்றான். கார் முழுசாக இருந்தது. பேட் தேய்ந்திருந்தது. அவன் முழுசாக இருந்தான். அக்காவுக்கு, 'முடிஞ்சுதுக்கா' என்று வாட்ஸ்அப் போட்டான். மணி மாலை நாலேகால்.

இதற்கிடையில் மாமனாரைக் காணோம். தேடினால், ங கம்பெனிக்காரரை ஒரு மூலையில் மடக்கி நிறுத்தி வைத்திருக்கிறார். சோழவரத்து ஓடுதளம், சவுக்குக் கம்பம், வெயில், காது கிழிகிற சத்தம்... அந்த மனிதர் காலையிலிருந்து எல்லோருக்கும் 'கிடையாது' சொன்ன அதே மனிதர், கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புறம் இன்னொரு விஷயம்" என்றார் மாமனார், பாக்கெட்டிலிருந்த பிள்ளையாரைத் தடவியபடி. "லைசென்ஸ் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இருக்கு. கண்ணு ஆபரேஷன் பண்ணியாச்சு. உங்க ஃபாரத்துல வயசுக்கு உச்சவரம்பு ஏதாவது போட்டிருக்கீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பிரேக் ஆயில் ரசீதைப் பார்க்க ஆரம்பித்தேன்.